சஹர் சோற்றுக்குத் தெர்மல் குக்கர்: வாங்கலாமா, வாங்கினால் எப்படிக் கையாள்வது?

ரமலானில் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை முடிந்து வீடு திரும்ப 10.15 ஆகிவிடும். பிப்ரவரி பிற்பாதியில் சென்னையில் பஜ்ரு பாங்கு (விடியல் தொழுகை அழைப்பு, நோன்பு தொடங்கும் நேரம்) ஏறக்குறைய 5.15-க்கு. அதற்கு முன் உண்ணும் சஹருக்கு 4.30-க்குத் தட்டில் சூடான சோறு இருக்கவேண்டும் என்றால் யாராவது 3.30-க்கு எழுந்து உலை வைக்கவேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது உம்மாதான். எல்லோரையும் எழுப்பி, ஆணத்தை (குழம்பை) சுடவைத்து, பரிமாறி, கடைசியில் அவசரமாக நாலு வாய் உண்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து நிய்யத் (நோன்பு பிடிக்கும் உறுதி) வைப்பவரும் அவர்தான். அவருக்கு முப்பது இரவும் ஒரு மணி நேரத் தூக்கத்தைத் திருப்பித் தருமா என்ற கேள்வியை வைத்துத்தான் தெர்மல் குக்கரை இங்கே எடைபோடுகிறோம். எரிவாயு மிச்சமாகும் என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

பதில்: தரும். ஆனால் ஐந்து பேருக்கு மேல் உண்ணும் வீட்டில், புழுங்கலரிசிச் சோற்றுக்கு, இரவே வடித்து மூடிவைத்தால் தரும். இரண்டு பேர் மட்டும் நோன்பு பிடிக்கும் வீட்டுக்கு இதை வாங்கச் சொல்லமாட்டோம். ஏன் என்று பின்னால் வருகிறது.

பொருளில் புதுமை எதுவும் இல்லை. கொதிக்கும் பானையை இறக்கி வைக்கோலுக்குள் புதைத்துவைத்தால் மிச்ச வேக்காடு தானே நடக்கும் என்பது பழைய அறிவு. கல்யாண வீட்டில் தம் போட்ட தேக்ஸாவை (பெரிய பிரியாணிப் பாத்திரத்தை) சாக்குப் போர்த்தி வைப்பதும், கேரளத்துச் சூடாறாப்பெட்டியும் இதே வேலைதான். கடையில் விற்பது எஃகால் ஆன உள்பானை ஒன்று, அது கச்சிதமாக இறங்கும் இரட்டைச் சுவர் வெளிக்கலம் ஒன்று. இரு சுவர்களுக்கும் நடுவே பாலியூரித்தேன் நுரை. மூடிக்குள்ளும் நுரை. மின்சாரம் கிடையாது, பொத்தான் கிடையாது, கெட்டுப்போக இயந்திரம் என்று எதுவும் கிடையாது. விலை சுமாரான ஒரு மிக்ஸியின் விலையைத் தாண்டாது.

அளவு என்பது அரிசிக் கணக்கு. அரைக் கிலோ, 1 கிலோ, ஒன்றரைக் கிலோ, 2 கிலோ என்று சொல்லி விற்பார்கள். அத்தனை அரிசியை நிறையத் தண்ணீர் வைத்து வேகவைக்கும் இடம் பானையில் இருக்கிறது என்று பொருள். மக்கள் தவறு செய்வது இந்த இடத்தில்தான். விருந்தாளி வந்தால் ஆகும் என்று 2 கிலோ குக்கரை வாங்கி, அதில் தினமும் அரைக் கிலோ போடுவார்கள். நாலரை மணிக்குத் திறந்தால் சோறு வெதுவெதுவென்று இருக்கும். குக்கர் சரியில்லை என்பார்கள். குற்றம் குக்கரிடம் இல்லை. சூட்டைத் தேக்கிவைப்பது சுவர் அல்ல, உள்ளே இருக்கும் சோறும் ஈரமும்தான். சுவர் அது வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. உள்ளே சரக்கு பாதியானால், வெளியேறும் சூடு ஏறக்குறைய அதேதான், இருப்போ பாதி. ஆகவே வேகமாக ஆறும்.

சஹருக்கு ஓர் ஆளுக்கு 110 முதல் 120 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் சாப்பாட்டைவிடச் சற்றுக் குறைவாகத்தான் அந்த நேரத்தில் இறங்கும். ஆறேழு பேருக்கு 750 கிராம். அதற்கு 1 கிலோ குக்கர் சரியான அளவு. நாலு பேர் என்றால் அரைக் கிலோ குக்கர். எழுதியிருக்கும் அளவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தினமும் போடுவீர்களா என்பதுதான் வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது.

கடையில் நிற்கும்போது பார்க்கவேண்டியவை நாலைந்து இருக்கின்றன. வெளிக்கலத்தின் மூடிக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து மூடி, தாளை இழுங்கள். எந்தப் பக்கமும் எதிர்ப்பில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் ஆவி போகும். மூடியைச் சுற்றி நாலு இடத்தில் இப்படிச் செய்து பாருங்கள். உள்பானையின் அடி கனமாக இருக்கவேண்டும். தகடு மெலிந்திருந்தால் கொதிக்கும்போது அரிசி அடிப்பிடிக்கும், அந்தக் கருகல் வாசனை ஆறு மணி நேரம் மூடிக்கிடந்து சோறு முழுதும் ஏறும். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் அடியில் ஒட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். கைப்பிடி மடங்கி உள்ளே போகும் வகையா, மடங்கியபின் வெளிமூடி முழுதாக உட்காருகிறதா என்று அங்கேயே மூடிப் பாருங்கள். கைப்பிடி முட்டி மூடி நூலளவு தூக்கிக்கொண்டு நிற்கும் குக்கர்கள் உண்டு. அதை வாங்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை. உள்பானையைத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரால் கழுத்துவரை நிரப்பி, வெளிக்கலத்தில் இறக்கி, மூடி, ஆறு மணி நேரம் தொடாமல் வைக்கவேண்டும். பிறகு சமையல் வெப்பமானியை நடுவில் விட்டுப் பார்த்தால் 70 டிகிரியாவது காட்டவேண்டும். தண்ணீர் சோற்றைவிட அதிகச் சூட்டைத் தேக்கும் என்பதால், தண்ணீரிலேயே 65-க்குக் கீழே போன குக்கர் சோற்றைக் காப்பாற்றாது. அப்படியானால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையை விட்டுப் பார்த்து, சூடாகத்தான் இருக்கிறது என்று முடிவுசெய்யாதீர்கள். 50 டிகிரியே கைக்குச் சுடும்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சமைத்த உணவைச் சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேல் வைக்கவேண்டும், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனத்துக்குப் போகவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி. சோற்றில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. பசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் அரிசியிலேயே இருப்பவை, கொதிநீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியைக் கிளப்பும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. நோன்பு நாளில் காலை எட்டு மணிக்கு வாந்தி எடுத்தால் மீதிப் பகலை எப்படிக் கடப்பது? நாலரை மணிக்குச் சோறு வெதுவெதுப்பாக இருந்தால் அதைச் சுடவைத்துச் சாப்பிடாமல், அன்றைக்குப் பேரீச்சம்பழம், பால், வாழைப்பழம், முட்டை என்று முடித்துக்கொள்வதுதான் சரி. மூமினுடைய (இறைநம்பிக்கையாளருடைய) சஹரில் சிறந்தது பேரீச்சம்பழம் என்று நபிமொழியே இருக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை.

இனிச் செய்முறை. இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் குக்கரோடு வரும் தாள் பகல் சமையலுக்காக எழுதப்பட்டது. பத்து நிமிடம் கொதிக்கவைத்து உள்ளே வை, முக்கால் மணி நேரத்தில் வடி என்று அதில் இருக்கும். ரமலானில் அந்த முக்கால் மணி நேரத்துக்கு இடமில்லை. தராவீஹ் முடிந்து வந்து உலை வைத்தால் 4 லிட்டர் தண்ணீர் கொதிக்கவே கால் மணி நேரம், வடித்து முடிக்கும்போது 11.40. மிச்சப்படுத்திய தூக்கம் முன்னிரவில் போய்விடும்.

ஆகவே வரிசையை மாற்றவேண்டும். மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) பிறகு, நோன்பு திறந்த பாத்திரங்கள் கழுவும் நேரத்தில், 750 கிராம் பொன்னிப் புழுங்கலரிசியை மூன்று தண்ணீர் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். 7.30-க்கு 1 கிலோ குக்கரின் உள்பானையில் நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். அரிசி போட்டபின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கவேண்டும். நன்றாகக் கொதித்ததும் அரிசியை வடித்துப் போட்டு, கிளறி, உள்மூடியைப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து 3 அல்லது 4 நிமிடம் மட்டும். பொங்கி வழியாமலிருக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய். அடுப்பை அணைத்த கையோடு பானையை வெளிக்கலத்தில் இறக்கி மூடிவிட்டு இஷாவுக்கு (இரவுத் தொழுகைக்கு) போய்விடலாம். ஒன்பது பத்து நிமிடம் கொதிக்கவிட்ட அரிசி முக்கால் மணியில் வெந்து, இரண்டு மணி நேரத்தில் குழையும். நாலு நிமிடம் மட்டும் கொதித்தது அந்த இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, திரும்பி வரும்போது பதமாக இருக்கும். கொதியைக் குறைத்துக் காத்திருப்பைக் கூட்டுவதுதான் ரமலானுக்கான கணக்கு.

10.20-க்கு ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் சிப்பல் (துளையிட்ட வடிதட்டு) போட்டு வடியுங்கள். சூடான கஞ்சியும் சோறும் பானையுமாக ஐந்து கிலோவுக்கு மேல் எடை. ஒற்றைக் கையால் சாய்க்கிற காரியம் அல்ல. தொட்டியின் விளிம்பில் பானையைச் சாய்த்து முட்டுக்கொடுத்துவிட்டு, முகத்தை ஆவிக்கு எதிரே நீட்டாமல் விலகி நில்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் சாய்த்துவைக்கவேண்டாம், சூடு போகிறது.

அடுத்த படி எந்தத் தாளிலும் இருக்காது. வடித்த பானையைத் திரும்ப நிமிர்த்தி, தோசைக்கல்லின் மேல் வைத்து, மூடிபோட்டுச் சிறுதீயில் ஐந்து நிமிடம் தம் கொடுங்கள். வடிக்கும்போது இழந்த சூடு திரும்ப ஏறும், அடியில் தங்கிய நீர் ஆவியாகிச் சோற்றுக்குள் பரவும். இதைச் செய்யாமல் நேரே உள்ளே வைத்தால் சோறு 85 டிகிரிக்குக் கீழே தொடங்கும். செய்தால் 95-ஐ ஒட்டித் தொடங்கும். ஆறு மணி நேரம் கழித்து அந்த வித்தியாசம்தான் ஆவி பறக்கும் சோற்றுக்கும் ஆறிய சோற்றுக்கும் இடையில் நிற்கிறது. தம் ஏறும் நேரத்தில் வெளிக்கலத்துக்குள் ஒரு செம்பு கொதிநீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள், உள்சுவர் குளிர்ந்திருக்கக் கூடாது. பிறகு பானையை இறக்கி மூடி, மேலே பழைய கம்பளியையோ நாலாக மடித்த போர்வையையோ போர்த்துங்கள். சூடு அதிகம் வெளியேறுவது மூடிப் பக்கம்தான். ஊட்டி, குன்னூர்ப் பக்கம் இருப்பவர்கள் கீழேயும் ஒரு சாக்கு விரித்து வைப்பது நல்லது, இரவில் தரை அங்கே சில்லென்று இருக்கும்.

10.35-க்கு அடுப்படி விளக்கை அணைத்துவிடலாம். 4.30 வரை திறக்கக்கூடாது. தண்ணீர் குடிக்க எழுந்தவர், சூடு இருக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பார்ப்பார். மேலே நின்ற ஆவி அத்தனையும் போய்விடும், அதைத் திரும்ப உண்டாக்க உள்ளே அடுப்பு இல்லை. பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

சிலர் வடிக்காமல் இரவு முழுக்கக் கொதிநீரோடு விட்டு நாலரை மணிக்கு வடிக்கிறார்கள். சூடு இன்னும் நன்றாக நிற்கும் என்பது உண்மை, தண்ணீரும் சேர்ந்து சூட்டைத் தேக்குகிறதே. ஆனால் பருக்கை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், பொன்னி கூழாகிவிடும். கேரளத்து மட்டை அரிசி, இலங்கையின் சிவப்பு நாடு அரிசி போன்ற தடித்த புழுங்கல் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அதுவும் இரண்டு நிமிடக் கொதியோடு நிறுத்தினால். பச்சரிசிக்கு இந்தக் குக்கரே வேண்டாம். புழுங்கலரிசி நெல்லாக இருக்கும்போதே ஒரு தடவை வெந்து, அதன் மாவுச்சத்து இறுகி நிற்பது. பச்சரிசிக்கு அந்தக் கட்டு இல்லை. சீரகச் சம்பாவில் நெய்ச்சோறு ஆக்கி ஆறு மணி நேரம் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியில் களியாகவும் மேலே உடைந்த குருணையாகவும் வரும்.

ஆணத்தை என்ன செய்வது? தேங்காய்ப்பால் ஊற்றிய எதையும் இரவு முழுக்க மூடிவைக்கவே கூடாது, விடியுமுன் புளித்துவிடும். அதை நோன்பு திறந்த கையோடு ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சஹருக்கு எடுத்துக் கொதிக்கவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. பருப்பாணம், புளியாணம், கெட்டியான கறி இவற்றுக்கு வேறு வழி உண்டு. வடித்தபின் பானையில் மேலே மூன்றிலொரு பங்கு காலியாகக் கிடக்கும். அரை லிட்டர் பிடிக்கும், இறுக மூடும் எஃகு டப்பாவில் ஆணத்தைக் கொதிக்கக் கொதிக்க வாய்வரை ஊற்றி மூடி, சோற்றின் மேல் வைத்துவிடுங்கள். காலி இடத்தைச் சூடான சரக்கு நிரப்புவதால் சோறும் நன்றாக நிற்கும், ஆணமும் சூடாக இருக்கும். டப்பா அரைகுறையாக நிரம்பியிருந்தாலோ ஆணம் கொதி அடங்கியிருந்தாலோ இதைச் செய்யவேண்டாம். வறுத்த மீனை மட்டும் எந்த வழியிலும் வைக்காதீர்கள், ஆவியில் ஊறிப் பிசுபிசுத்துப் போகும்.

பால் விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. தேநீருக்கு வசதி என்று காய்ச்சிய பாலைப் பிளாஸ்கில் ஊற்றி இரவே வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சூடு நாற்பதுகளுக்கு இறங்கியதும் அது தயிருக்கு ஏற்ற சூடு. பிளாஸ்கில் வெந்நீரை மட்டும் வையுங்கள், பால் பெட்டியில் இருக்கட்டும். சோற்றில் பாலும் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து முடிக்கிற வழக்கம் உள்ளவர்களுக்குக் குளிர்ந்த பாலே போதும், சோறு சூடாக இருக்கிறதே.

மற்ற வழிகளோடு ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்லமுடியாது. மின்சார ரைஸ் குக்கரில் வார்ம் நிலை ஆறு மணி நேரம் போனால் அடிச்சோறு காய்ந்து மஞ்சளாகி ஒருவித வாடை வரும். மேல்சோறு நன்றாக இருக்கும். நடு இரவில் மின்சாரம் போனால் விடியுமுன் அது எப்போது ஆறியது என்பதே தெரியாது. நேரம் குறித்துவைக்கும் டிஜிட்டல் வகை இதைவிட நல்லது. 3.45-க்குத் தானே தொடங்கி 4.30-க்குப் புதுச்சோறு தரும். ஒரே குறை, அரிசி ஐந்து மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடக்கும். மார்ச் மாதப் புழுக்கத்தில் லேசாகப் புளிப்பு ஏறலாம், ஊற்றும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றினால் சரியாகும். நாலு பேர் வீட்டில் கையில் பணம் இருந்தால் தெர்மல் குக்கரைவிட அதுதான் எங்கள் தேர்வு. பிரஷர் குக்கர் இருபது நிமிடத்தில் முடிக்கும், ஆனால் யாரோ நாலு மணிக்கே எழவேண்டும், விசில் சத்தத்தில் தொட்டில் பிள்ளையும் எழும். ஹாட்பேக் சப்பாத்திக்கு, இடியாப்பத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் நல்லது. சோற்றை அதில் இரவு முழுக்க வைப்பது மேலே சொன்ன ஆபத்தான வெதுவெதுப்பில் கொண்டுபோய் விடும்.

இரண்டு பேர் வீட்டுக்கு முதலிலேயே வேண்டாம் என்றது இதனால்தான். 250 கிராம் அரிசிச் சோறு எந்தத் தெர்மல் குக்கரிலும் ஆறு மணி நேரம் 60-க்கு மேல் நிற்காது. அவர்கள் சோற்றை வடித்து, அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பெட்டியில் வைத்துவிட வேண்டும். சஹருக்கு இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, மைக்ரோவேவில் ஆவி பறக்கும்வரை மூன்று நிமிடம் வைத்தாலே போதும். அல்லது இட்லிப் பானையில் துணி போட்டு ஐந்து நிமிடம் ஆவியில் வைக்கலாம்.

பல் இல்லாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அரைக் கிலோ குக்கருக்கு இன்னொரு பயன் இருக்கிறது, உண்மையில் இந்தப் பாத்திரம் மிக அழகாகச் செய்கிற வேலை அதுதான். 150 கிராம் புழுங்கல் குருணை, ஒரு பிடி பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், ஆறு பல் பூண்டு, 2 லிட்டர் தண்ணீர். பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அடி கிளறி, இரவு 10.30-க்கு உள்ளே வைத்தால் விடியுமுன் கரைந்த கஞ்சி தயார். சோற்றில் குறையாகும் குழைவு இங்கே குணம். உப்பும் தேங்காய்ப்பாலும் காலையில் சேருங்கள். கைமா போடுவதானால் அதைத் தனியே முழுதாக வேகவைத்துக் கொதிக்கக் கொதிக்கச் சேர்க்கவேண்டும்; பச்சைக் கறியை இதற்குள் வேகவிடக்கூடாது. நோன்பு திறக்கும் கஞ்சிக்கும் இதே முறைதான், பிற்பகல் 2 மணிக்கு வைத்தால் மஃரிபுக்குச் சரியாக இருக்கும்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், குக்கரின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. சஹரைப் பிற்படுத்துவது சுன்னத் (நபிவழி). நபிகளார் சஹர் முடித்ததற்கும் பஜ்ருத் தொழுகைக்கும் நடுவே ஐம்பது வசனம் ஓதும் நேரம் இருந்ததாக நபித்தோழர் ஜைத் பின் ஸாபித் (ரலி) அறிவிக்கிறார்கள். சமைக்க அலுத்துப்போய் இரவு 12 மணிக்கே உண்டு படுக்கும் வீடுகளில் இந்தச் சுன்னத்து நழுவுகிறது, மறுநாள் அஸருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) முன்னே உடம்பும் தளர்கிறது. சோறு தயாராக இருந்தால் 4.25-க்கு எழுந்து, 4.35-க்கு உட்கார்ந்து, 5 மணிக்கு முடித்து, தண்ணீரை ஒரே மூச்சில் அல்லாமல் இரண்டு மூன்று தடவையாகக் குடித்து, நிதானமாக நிய்யத் வைக்கலாம். ஷாபிஈ மத்ஹபில் (சட்ட வழியில்) ஒவ்வொரு நோன்புக்கும் பஜ்ருக்கு முன் இரவிலேயே நிய்யத் வேண்டும் என்பதால் அவசரத்தில் அதை மறப்பது சின்ன விஷயம் அல்ல. ஊறுகாயையும் கருவாட்டையும் அந்த வேளைக்குத் தள்ளிவையுங்கள், லுஹருக்கே (நண்பகல் தொழுகைக்கே) நாக்கு வறளும்.

பராமரிப்பில் மூன்று தவறுகள் குக்கரைக் கொல்லும். வெளிக்கலத்தைத் தொட்டியில் முக்கிக் கழுவுவது முதலாவது. தையல் வழியே நுரைக்குள் தண்ணீர் இறங்கினால் சூடு நிற்காது, நாற்றமும் போகாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும். இரண்டாவது, சூடாக்கலாம் என்று வெளிக்கலத்தையே அடுப்பில் வைப்பது. மூன்றாவது, உள்பானையில் உப்புத் தண்ணீரைப் போட்டு ஊறவிடுவது. எஃகில் ஊசிமுனைக் குழிகள் விழும். போர்த் தண்ணீர் படிந்த வெள்ளைப் படலத்துக்கு எலுமிச்சைத் தோலோ புளியோ போதும், கம்பி நாரால் சுரண்டவேண்டாம். பயன்படுத்தாமல் எடுத்துவைக்கும்போது வெளிமூடியை ஒருநாளும் இறுக மூடாதீர்கள்.

வாங்குவதானால் ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதமே வாங்கிவிடுங்கள். உங்கள் அரிசிக்கு மூன்று நிமிடக் கொதியா நாலு நிமிடமா என்பதைப் புத்தகம் சொல்லாது. பழைய அரிசி கூடக் கேட்கும், புதுசு குறைவாகக் கேட்கும். திங்கள், வியாழன் நோன்பு பிடிப்பவர்கள் வீட்டில் இருந்தால் அந்த இரவுகளில் மூன்று தடவை வைத்துப் பார்த்து, கொதித்த நிமிடம், வடித்த நேரம், நாலரை மணிக்கு வெப்பமானி காட்டியது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். பிறை தெரிந்த இரவு யார் உலை வைத்தாலும் அதைப் பார்த்து வைத்துவிடலாம்.